நூற்றுக்கு எட்டு

எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தர்சினி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

"அண்ணை, இப்ப எங்களுக்கு எண்ணுற மெஷின் வந்திட்டுது. சிலைட்டை வைச்சா அதுவே பழுப்பு எத்தினை, நீலம் எத்தினை எண்டு சொல்லும். எங்கட பக்கத்தில முதல்முதல் கி-அறுபத்தேழு செய்தது நீங்கள்தானே. அந்தக் கதையை எழுதுங்கோ."

முதல்முதல் என்ற சொல் ஒரு காலத்தில் எனக்குத் தேன். இப்போது அதைக் கேட்டால் காது சுடுகிறது. ஏன் சுடுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். மலருக்குப் பொருந்தாவிட்டால் தர்சினி தூக்கி எறியட்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கி-அறுபத்தேழு என்பது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் கருவுக்குள் மட்டும் இருக்கும் ஒரு புரதம். அதைத் தேடிப் போய் ஒட்டும் மருந்தொன்றைத் திசுவின்மேல் இட்டு நிறமேற்றினால், பெருகும் செல்கள் பழுப்பாகவும் சும்மா இருக்கும் செல்கள் நீலமாகவும் தெரியும். நூறு செல்லுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ணினால், அந்தக் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஓரளவு சொல்லலாம். "ஓரளவு" என்ற சொல்லை இப்போதுதான் போடப் பழகியிருக்கிறேன். அறுபத்தேழு என்பது முதலில் கண்டுபிடித்தவர்களின் சோதனைத் தட்டில் இருந்த ஒரு குழியின் இலக்கம். அதற்கு வேறு அர்த்தமே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி நீட்டப் போவதில்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தேன். மருத்துவபீடத்தின் வெட்டுப்புள்ளிக்கு என் புள்ளி கொஞ்சம் போதவில்லை. அந்தக் கொஞ்சம் வாழ்நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. ஆய்வுகூடப் பயிற்சிக்குப் போனேன், முடித்தேன், திருகோணமலைக்கே திரும்பி வந்தேன். துறைமுகப் பக்கமாக, வாடகை வீடொன்றில், ஒரு தொண்டு அமைப்பு சின்ன ஆய்வுகூடம் நடத்தியது. அந்த அமைப்பு இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். சண்டை உச்சத்தில் இருந்த காலம். கடற்படைப் படகுகள் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், மெழுகில் புதைத்த திசுவை வெட்டும் கத்தியும் கூடவே அதிரும். படகு போய் முடியும்வரை கையைத் தூக்கிக்கொண்டு இருப்போம்.

டொக்டர் பவளராணிதான் எங்களுக்கு மேலே இருந்தவர். காலை வணக்கம் சொன்னால் பதில் வராது. நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலா என்று ஒருநாள் கேட்டேன். "கால் புழுங்குது," என்றார். ஒரு சிலைட்டைப் பார்த்து முடித்தால் "நல்லது" என்றோ "கூடாது" என்றோ அவர் வாயில் ஒருபோதும் வராது. "இருக்கு", "இல்லை", "தெரியாது" என்ற மூன்று சொல்லில் அவர் உத்தியோகம் ஓடியது. தெரியாது என்பதை அவர் சொல்லும்போது வெட்கமே இருக்காது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர் இப்படி அடிக்கடி தெரியாது என்கிறாரே என்று உள்ளுக்குள் குறைவாக நினைத்தேன்.

அவருடன் படித்த ஒருவர் வெளிநாட்டில் இருந்து வந்தபோது ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அந்தக் கி-அறுபத்தேழு மருந்து. டொக்டர் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோனார். நான் மறக்கவில்லை. கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டு அவர் உயிரை எடுத்தேன்.

"செய்து பாப்பம் டொக்டர்."

"எதில அவிப்பீர்?"

மெழுகில் கிடந்த திசுவை உயர்ந்த அழுத்தத்தில் அவித்தால்தான் ஒளிந்திருக்கும் புரதம் வெளியே வரும். அதற்கென்று விற்கும் சாமானுக்கு நாங்கள் எங்கே போவது? "குக்கரில," என்றேன். அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

சந்தைப் பக்கம் வாங்கிய குக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். உள்ளே என்ன என்று கேட்ட சிப்பாய்க்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"ஒண்டும் இல்லை," என்றேன்.

"ஒண்டும் இல்லாம ஏன் கொண்டு போறது?"

ஆய்வுகூடத்துக்கு என்றேன். அங்கே யாருக்குச் சமையல் என்றான். பதற்றத்தில் மூடியைத் திறக்கவும் எனக்கு வரவில்லை, திருப்பத் திருப்ப இறுகியது. கடைசியில் அவன் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே ஒரு கையால் திறந்து காட்டினான். "வீட்டில குசினி வேலை செய்றதில்லையா?" என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதில் என் அக்காவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் தகப்பனும் இருந்தார்.

முதல் தரம் அவித்தபோது திசு முழுக்கச் சிலைட்டிலிருந்து கழன்று, ரசத்தில் கறிவேப்பிலைபோல் குக்கருக்குள் மிதந்தது. இரண்டாம் தரம் எல்லாமே பழுப்பு. கரண்ட் போகும் நாட்களில் குப்பியைத் தேர்மோசுக்குள் வைத்து, மீன்வாடியில் வாங்கிய ஐஸைச் சுற்றிப் போடுவேன். அறை முழுக்கச் சூரை மீன் நாறும். சிலைட்டுக்குப் பசை மாற்றி, அவிக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து, அறுவைச் சிகிச்சையில் வெட்டிய தொண்டைச் சதையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒருநாள் பழுப்புத் தனியாக, நீலம் தனியாக, வரைந்ததுபோல் வந்தது. டொக்டரை இழுத்துவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இருக்கு," என்றார். எனக்கு அது பட்டமளிப்பு.

அந்தச் சூட்டோடு வந்தவர்தான் சலீம் மாஸ்டர். கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கிறவர். காதுக்குக் கீழே, கன்னத்தடியில் ஒரு கட்டி. கூகைக்கட்டு வீக்கம் என்று நினைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். அது இறங்கவில்லை. சேர்ஜன் வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்பினார். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். அடினாய்ட் சிஸ்டிக் என்று ஒரு வகை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செல்கள் அரிதட்டுப்போல் ஓட்டை ஓட்டையாக அடுக்கியிருக்கும், பார்க்க அழகாகவே இருக்கும். இது பாய்ந்து வளராது. நரம்பு வழியே ஊர்ந்துபோய், எல்லாரும் மறந்த பிறகு திரும்பி வரும். இதெல்லாம் டொக்டருக்குத் தெரியும். எனக்குப் புத்தகத்தில் படித்தது தெரியும்.

சேர்ஜனிடம் நானே போய், கி-அறுபத்தேழும் செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். டொக்டர் முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார். நான் வாய்விட்டு எண்ண, அவர் பக்கத்தில் இருந்து சரி பார்த்தார்.

"எத்தினை?"

"எட்டு டொக்டர்."

"எட்டில என்ன இருக்கு? எத்தினைக்கு எட்டு?"

"நூறுக்கு."

அறிக்கையின் கடைசி வரியாக அதை அடித்தோம்: கி-67, எட்டு வீதம். கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தோம், அதில் பிழை ஒன்றும் இல்லை.

அறிக்கையை எடுக்க மாஸ்டரே வந்தார். வெள்ளைச் சேர்ட், கன்னத்தில் துணிக்கட்டு. சேர்ஜனுக்குப் போக வேண்டிய கடிதம் என்றாலும் அங்கேயே பிரித்து வாசித்தார். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இது நூறுக்கா?"

"ஓம் மாஸ்டர், நூறுக்குத்தான்." நான் செய்த சோதனையைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று எனக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"எட்டு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் சேர்ஜனிடம் போகவில்லை. வெட்டிய இடத்துக்குக் கதிர்வீச்சுப் பிடிக்கத் தெற்கே போயிருக்க வேண்டும். அதற்கும் போகவில்லை. கொஞ்சக் காலம் கழித்து அவருடைய மனைவி ஹாஜராதான் பாதையேறி எங்களிடம் வந்தார். பாதை என்றால் கிண்ணியாத் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.

"டொக்டர், அவரு ஒழுங்காத் திங்கிறாரும் இல்ல, பேசுறாரும் இல்ல. கேட்டா, நான் ஃபெயில் எங்கிறாரு."

"என்ன ஃபெயில்?"

"அறுபத்தேழு எடுக்க வேண்டிய எடத்துல எட்டுத்தான் எடுத்திரிக்கேன் எங்கிறாரு. எட்டு மாக்ஸ் எடுத்தவன எந்த ஆஸ்பத்திரில சேப்பாங்க எண்டு கேக்கிறாரு. புள்ளைகளுக்கும் விஷயத்தச் செல்ல வாணாமாம். வெக்கமாம்."

அறையில் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். நானும்தான். வெட்டுப்புள்ளியில் தவறிவந்த நான், ஒரு எண்ணைக் கண்டதும் இந்த நாட்டில் ஆளுக்கு என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டிய நான், சிரித்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. ஹாஜராவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாறன் டொக்டர்," என்றேன்.

"போய் என்ன சொல்லுவீர்?"

"இது மாக்ஸ் இல்லை, குறைஞ்சா நல்லது எண்டு."

"நல்லது எண்டு சொல்லாதேயும்." பேனையை மேசையில் வைத்தார். "மெதுவா வளருது எண்டு சொல்லும். மெதுவா எண்டது மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும். மெதுவா வாறதும் வரும். அதால கதிர் பிடிக்கப் போகத்தான் வேணும் எண்டு சொல்லும். விளங்குதே?"

"ஓம் டொக்டர்."

பாதையில் நின்றபடி அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டேதான் போனேன். மாஸ்டர் வீட்டு முன்னறையில் கரும்பலகை துடைத்துக் கிடந்தது. மாலை வகுப்பை நிறுத்திவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், கெட்ட பெறுபேறு வந்த மாணவன்போல் நின்றார்.

"வாங்க தம்பி, இரிங்க. இவள் வந்து செல்லியிரிப்பாள்."

நான் விளக்கினேன். அறுபத்தேழு என்பது சும்மா ஒரு பெயர், எட்டு என்பது பெருகும் செல்களின் அளவு. அவர் கணக்கு மாஸ்டர், பிடித்துக்கொண்டார்.

"அப்ப கூடினாக் கூடாது?"

"ஓம்."

"குறைஞ்சா?"

அந்தக் கேள்வியை அவர் எப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றும் கேட்கிறது. கரும்பலகையில் ஒரு பக்கத்தை எழுதிவிட்டு மறுபக்கத்துக்காகச் சோக்கட்டியுடன் காத்திருக்கிறவர்போல் கேட்டார். மெதுவா என்ற சொல் வாயில் இருந்தது. ஆனால் மெதுவா என்றால் அவர் முகம் மலராது. நான் அந்த முகத்தை மலர்த்தத்தான் கடல் கடந்து போயிருந்தேன்.

"குறைஞ்சா நல்லது மாஸ்டர்."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஹாஜரா உள்ளே திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அந்த வீடு திறந்துகொண்டதுபோல் ஆனது. பக்கத்து வீட்டார் வந்தார்கள், இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தது. மாஸ்டர் என் கையை விடவே இல்லை. நான் மிச்சத்தையும் சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். "ஆனா மாஸ்டர், கதிர் பிடிக்கப் போகத்தான் வேணும்."

அவர் வட்டிலாப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நூறுல எட்டுத்தானே கெட்டது? அப்ப நல்லது தொண்ணூத்திரெண்டு. தொண்ணூத்திரெண்டு எடுத்த புள்ளைக்கு டியூஷன் எதுக்கு தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் போதும், அவர் ஒருவேளை திரும்பக் கேட்டிருப்பார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தெற்கே போவதென்றால் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, பையைக் கொட்டி, அடையாள அட்டையைக் காட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் பொலிஸில் பதிந்து, அறை எடுத்து வாரக் கணக்கில் தங்க வேண்டும். தேர்வில் தவறியவன் போக வெட்கப்படுகிறான். தேறியவனுக்குப் போகத் தேவை இல்லை. முதலாவது கதவில் நின்றவரை நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இரண்டாவது கதவில் விட்டுவிட்டு வந்தேன்.

டொக்டர் கேட்டார்: "எப்பிடிச் சொன்னீர்?"

"நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

கொஞ்சம் பார்த்தார். பிறகு நுணுக்குக்காட்டிக்குக் குனிந்துவிட்டார்.

பிறகு நான் ஓடினேன். எனக்கு ஒன்று முடிந்தால் அடுத்தது வேண்டும். புதுக் குப்பிகள், புது நிறங்கள், புது எண்கள். கொழும்பில் எங்கள் துறையினரின் கூட்டமொன்றில் குக்கர் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். கடைசிப் படமாக மாஸ்டரின் சிலைட்டைக் காட்டி, "குறைந்த எண், நோயாளி நலமாக இருக்கிறார்," என்றேன். கைதட்டினார்கள். நலமா என்று நான் விசாரித்திருக்கவில்லை. நலமாகத்தான் இருப்பார், எண் அப்படித்தானே சொல்கிறது என்று இருந்துவிட்டேன்.

சில வருடங்களில் சமாதானம் என்று ஒன்று வந்தது. சாவடிகள் தளர்ந்தன. மாஸ்டரின் பெயரோடு திரும்பவும் ஒரு துண்டுத் திசு எங்கள் மேசைக்கு வந்தது. நான்தான் வெட்டினேன். அரிதட்டு ஓட்டைகள் பல இடங்களில் அடைபட்டுக் கெட்டியாகியிருந்தன. நரம்பைச் சுற்றி வளையம்போல் செல்கள். எண்ணிக் கொடுத்தேன். இந்தத் தரம் எத்தனை என்று டொக்டர் கேட்டபோது தாளில் எழுதி நீட்டினேன்.

பொறுமை எனக்கு இன்றும் இல்லை, அதனால் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தரம் அவர் கதிர்வீச்சுக்குப் போனார். அது வலியைக் குறைக்க மட்டுமே உதவியது. அடுத்த நோன்புக்கு அவர் இல்லை. முதலிலேயே போயிருந்தால் தப்பியிருப்பாரா? தெரியாது. கதிர் பிடித்தவர்களுக்கும் திரும்பி வருகிற நோய்தான் இது. ஆனால் அந்தத் தெரியாது இப்போது என் கேடயமாகிவிட்டதே, அதுவும் எனக்கு வெட்கம்தான்.

அந்த இரண்டாவது அறிக்கையை எடுக்க மாஸ்டரும் ஹாஜராவும் வந்த நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. ஒரு பக்க முகம் அசையவில்லை. அந்தக் கண் மூடாமல் நீர் வடிந்தது, ஹாஜரா லேஞ்சியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். என்னைக் கண்டதும் மாஸ்டரின் மறுபக்க முகம் சிரித்தது.

"தெரியுதா ஹாஜரா, அந்தத் தம்பிதான் இவரு. அண்டைக்கு வந்து குறைஞ்சா நல்லது எண்டு இவரு செல்லாட்டி நான் அப்பவே முடிஞ்சிரிப்பன். அதுக்குப் பொறகு எத்தின பெச் புள்ளைகளைப் படிப்பிச்சிட்டன். மூத்தவளையும் கட்டிக் குடுத்திட்டன். ராவையில நித்திரை வந்திச்சி தம்பி. அதுக்கு ஒங்களுக்கு நான் கடமைப்பட்டிரிக்கேன்."

திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் பின்னால் டொக்டர் அறிக்கையுடன் நிற்பதைக் கண்டேன். முழுக்கக் கேட்டிருந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தும் சொன்னார்: "நல்லது எண்டுதானே செல்லி அனுப்பினீங்க டொக்டர்?"

"ஓம் மாஸ்டர்," என்றார் அவர். "நாங்கள் அப்பிடித்தான் சொன்னனாங்கள்."

அவரை உள்ளறைக்குப் பின்தொடர்ந்து போனேன். "டொக்டர், அண்டைக்கு நான்…"

"தெரியும்."

"எப்ப?"

"அப்பவே. நீர் லீவில நிண்ட நேரம் அவரின்ட மனிசி வந்து, நல்லது எண்டு சொல்லிவிட்டதுக்கு உபகாரம் எண்டு சொல்லிட்டுப் போனவ."

"பிறகு நீங்கள் ஏன்…"

"ரோட்டை நினைச்சன். அந்த நாளில அந்த மனிசனை எந்தச் சாவடியில இறக்கி வைச்சிருப்பாங்களோ எண்டு நினைச்சன். போக ஏலாத இடத்துக்குப் போ எண்டு சொல்லுறதைவிட, நல்லது எண்டு நம்பிக்கொண்டே இருக்கட்டும் எண்டு விட்டன்." செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "நீர் அவசரத்தில சொன்னனீர். நான் யோசிச்சு விட்டனான்."

அறிக்கையை என்னிடம் தரவில்லை. உறையில் போடவும் இல்லை. அதைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய், மாஸ்டருக்குப் பக்கத்தில் மர வாங்கில் இருந்தார். நோயாளிக்குப் பக்கத்தில் அவர் இருந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். படகு ஒன்று போய்க்கொண்டிருந்ததால் சொல் எதுவும் கேட்கவில்லை. அவர் விரலால் வரி வரியாகக் காட்டிக்கொண்டு போனார். மாஸ்டர் இடையில் கையைத் தூக்கி ஏதோ கேட்டார். டொக்டர் சொன்னார். மாஸ்டர் தலையாட்டவில்லை, திரும்பவும் கேட்டார். டொக்டர் தாளை மடியில் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.